வெள்ளி மயில் பொடியும் ஒரு கூட்ஸ் கிளார்க்கும்

ஊ தூன் யீ கேட்டது வெறும் தேநீர்தான். வந்தது ஒரு தட்டு நிறையப் பன்றிக்கறி வறுவல்.

"நான் இதக் கேக்கலையேம்மா."

"நீங்க எங்க கேப்பீங்க? உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன், சயாஜி!" என்று டீக்கடை மா ஓன் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

பெரிய வைத்தியர்களைத்தான் சயாஜி என்பார்கள். ஊ தூன் யீ ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். மவுல்மீனிலிருந்து ஷ்வேபோவுக்கு மாற்றலாகி முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தார். இன்னும் படுக்கைச் சுருளைக்கூட அவிழ்க்கவில்லை.

மா ஓன் சுவரைக் காட்டினாள். அங்கே மஞ்சள் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கின. 'வெள்ளி மயில் வயிற்றுப் பொடி. தயாரிப்பு: சயா ச்சிட் போ, மாந்தளை.' அதற்கு மேலே ஒரு படம். ரோஜா நிறத் தலைப்பாகை, முறுக்கிய மீசை, இப்போதுதான் ஒரு விருந்தை முடித்துவிட்டு அடுத்த விருந்துக்குக் கிளம்புகிறவரைப் போல ஒரு சிரிப்பு.

ஊ தூன் யீக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூக்கு அவருடைய மூக்கு. அந்தக் காதுகள் அவருடைய காதுகள். இடது புருவத்துக்கு மேலிருந்த மச்சம்கூட அவருடையதுதான். கன்னம் மட்டும் படத்தில் உப்பியிருந்தது, இவருக்கு ஒட்டியிருந்தது.

"ஏதோ ஜாடை ஒத்துப் போச்சும்மா. நான் அவர் இல்ல."

"தெரியும், தெரியும்." மா ஓன் கண்ணைச் சிமிட்டினாள். "யாருக்கும் தெரியாம ஊரு ஊராப் போயி, பொடி வேலை செய்யுதான்னு பாக்கறீங்க. அதுக்காக மீசைய எடுத்து, உடம்பையும் இளைச்சுக்கிட்டீங்க. எம்மாம் பெரிய மனசு! நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவர் இளைத்ததற்குக் காரணம் மாறுவேஷம் இல்லை, வயிறு. கல்யாணமான மூன்றாம் வருஷம் பிடித்த அஜீரணம் இன்னும் விடவில்லை. கஞ்சியையும் வேகவைத்த சுரைக்காயையும் தவிர எது உள்ளே போனாலும் நெஞ்சு எரியும், வயிற்றுக்குள் சரக்கு வண்டி ஓடும். அவர் குடித்துப் பார்க்காத மருந்து இல்லை. புதினாத் தண்ணீர், கரி மாத்திரை, நுரைத்துப் பொங்கும் சீமை உப்பு, பாம்புப் படம் போட்ட கறுப்புத் தைலம் எல்லாம் ஆயிற்று. கடைசியில், படம் ஒட்டி விற்பதெல்லாம் பொய், கஞ்சி ஒன்றே மெய் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவர் மனைவி டோ மியா தினமும் இரண்டு பானை வைப்பாள். "ஒண்ணு மனுஷங்களுக்கு, இன்னொண்ணு உங்களுக்கு" என்பாள்.

இப்போது மா ஓன் எதிரே நின்றுகொண்டு அவர் வாயையே பார்த்தாள். மறுக்க மனம் வராமல் ஒரு துண்டை எடுத்து விழுங்கினார். அவள் சளைக்காமல் மூன்று துண்டுகள் தின்ன வைத்துவிட்டு, ஒரு பொட்டலத்தைக் கிழித்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

"உங்க பொடிதான. போடுங்க!"

உப்பு, சுக்கு, ஓமம், பின்னால் லேசாக அதிமதுரத்தின் இனிப்பு. கால் மணி நேரத்தில் ஓர் ஏப்பம் வந்தது. அப்படி ஒரு சுத்தமான ஏப்பம் அவருக்கு இருபது வருஷமாக வந்ததில்லை. தாமதமாகி வரும் ரயிலுக்குக் காத்திருப்பதுபோல அன்று சாயங்காலம் முழுக்க வயிற்று வலிக்குக் காத்திருந்தார். அது வரவேயில்லை.

மா ஓன் மத்தியானம் வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு விட்ட மூச்சில், மறுநாள் காலை சரக்குக் கொட்டகை வாசலில் பதினெட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஊ தூன் யீ நேர்மையானவர். ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினார்: 'நான் சயா ச்சிட் போ இல்லை. இப்படிக்கு, தூன் யீ, கூட்ஸ் கிளார்க்.'

அடுத்த நாள் நாற்பது பேர் வந்தார்கள்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கப்பா," என்று அரிசி மில் முதலாளி ஊ லுன் கூட்டத்துக்கு விளக்கினார். "நானும்தான் ச்சிட் போ இல்ல. நான் போர்டு மாட்டியிருக்கேனா? நீ மாட்டியிருக்கியா? உண்மையா இல்லாதவன் எதுக்குய்யா போர்டு மாட்டறான்?"

 பலகையை ஒருவர் தொட்டுக் கும்பிட்டார்.

இவர்களைத் துரத்த ஒரே வழி, கசப்பாக எதையாவது சொல்வதுதான் என்று ஊ தூன் யீ முடிவு செய்தார். "பொடி மட்டும் போதாது. ராத்திரி சாப்பாட்ட இருட்டறதுக்கு முன்னாடி பாதி வயித்தோட முடிச்சுக்கணும். சாப்பிட்டதும் ரயில் பாலம் வரைக்கும் நடந்துட்டு வரணும். மிளகாயப் பாதியாக் குறைக்கணும். முடியுமா? முடியாதில்ல? போங்க!"

மிளகாயைக் குறைக்கச் சொன்னால் எந்த ஊர்தான் பொறுக்கும்? ஷ்வேபோ பொறுத்தது. அன்று சாயங்காலம் பாதி ஊர் பாலத்தை நோக்கி நடந்தது. பத்தே நாளில் ஊ லுன்னுக்கு ஏழு வருஷத்து நெஞ்செரிச்சல் நின்றது. அவர் நன்றி சொல்ல ஒரு விருந்து வைத்தார். கோழி போட்ட நெய்ச்சோறு, இறால் குழம்பு, ஊறவைத்த தேயிலையில் பூண்டும் வேர்க்கடலையும் கலந்து ஒரு தாம்பாளம்.

வயிற்றுப் பொடிக்காரர் விருந்தில் கையை நனைக்காமல் எழுந்தால் பொடிக்கு என்ன மரியாதை? யாரோ ஒரு மனுஷர் மாந்தளையில் கஷ்டப்பட்டு இடித்துச் சலித்த பொடி. அதன் பேர் தன்னால் கெடக் கூடாது என்று ஊ தூன் யீ சாப்பிட்டார். பயந்து பயந்து பொடியைப் போட்டுக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த விருந்திலும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பொடியை இடித்த கை யாருடையதோ, அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது அவருக்கு.

டோ மியா கஞ்சிப் பானையைத் தூக்கி வெளியே வைத்து அதில் செடி நட்டாள். இரண்டே மாதத்தில் ஊ தூன் யீயின் கன்னங்கள் உப்பின. அதுதான் வினையாகப் போயிற்று. கொஞ்சநஞ்சம் சந்தேகப்பட்டவர்களும் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கை கூப்பினார்கள்.

இந்த நிலையில்தான் மாந்தளையிலிருந்து செய்தி வந்தது. சயா ச்சிட் போவின் மனைவி டோ நுவே, மடத்துக்குக் காவித் துணி தானம் செய்ய ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஷ்வேபோவுக்கு வருகிறாள்.

ஊ லுன் மேளத்துக்கு ஏற்பாடு செய்தார். பாவம், சயாஜி சம்சாரத்தைப் பிரிந்து எத்தனை நாளாயிற்றோ!

டோ மியா சந்தையிலிருந்து வந்ததும் காய்கறிக் கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"யாரு அந்த நுவே?"

"சத்தியமா எனக்குத் தெரியாது மியா."

"தெரியாதவளுக்கா மேளம் வெக்கறாங்க? மீன்காரி சொல்றா, உங்க மொத சம்சாரமாம். மாந்தளைல மாடி வீடாம்."

"அடிப் பைத்தியமே, அந்த ஆளு நான் இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு. எம் புருஷன் கஞ்சி குடிக்கற ஆளு. இப்ப இருக்கற நீங்க யாரு?"

அவள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். ஊ தூன் யீ ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடி ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டார்.

"சம்சாரம் வர்ற அன்னிக்கு லீவு எதுக்குங்க? பிளாட்பாரத்துலயே டூட்டி போட்டிருக்கேன்," என்று குழைந்தார் ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்கும் பொடியால் குணமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊ தூன் யீக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மாள் ஆள்மாறாட்டம் என்று போலீசில் எழுதிக் கொடுத்தால் வேலை போகும். வேலை போவதற்கு முன்பே பெண்டாட்டி போய்விடுவாள். பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற ஒரு சரக்குப் பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு இறக்க வேண்டிய சரக்கு அதில் இருந்ததைக் கவனிக்கவில்லை. சுமைக்காரர்கள் கதவைத் தள்ளித் திறந்தபோது, வெள்ளி மயில் பொடிப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தார்.

"பாத்தீங்களாடா! சம்சாரம் வர்ற அன்னிக்குக்கூட பொடிக்குத்தான் காவல் இருக்காரு!"

தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பிளாட்பாரத்தில் இறக்கினார்கள். மேளம் அடித்தது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் டோ மியா பெட்டியோடும் குடையோடும் நின்றாள். குடை மழைக்காகக் கொண்டுவந்தது போலத் தெரியவில்லை.

ரயில் வந்தது. எழுபது வயசிருக்கும் ஒரு குட்டையான அம்மாள், கொண்டையில் பூவும் வாயில் சுருட்டுமாக இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள். ஊ தூன் யீயைப் பார்த்தாள். சுருட்டு கீழே விழுந்தது. விடுவிடுவென்று நேராக வந்து அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். புருவத்து மச்சத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

டோ மியாவின் குடை மெல்ல உயர்ந்தது.

ஊ தூன் யீ தடாலென்று மண்டி போட்டார். "அம்மா, என்னை மன்னிச்சிருங்க! நான் உங்க வீட்டுக்காரர் இல்ல. எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. உங்க பொடியால இருபது வருஷ வியாதி போச்சு. அந்தப் பொடி மேல சத்தியமா நான் யாரையும் ஏமாத்தல!"

"சம்சாரத்துக்கிட்டயே எவ்வளவு அடக்கமாப் பேசறாரு!" என்று உருகினாள் மா ஓன்.

டோ நுவே கையை உயர்த்தினாள். மேளம் நின்றது.

"அவரு சொல்றது நிஜம்தான். இவரு என் வீட்டுக்காரர் இல்ல. என் வீட்டுக்காரர் போய்ச் சேந்து பதினோரு வருஷம் ஆச்சு. பொடிய இடிக்கறது, சலிக்கறது எல்லாம் அன்னிக்கும் நான்தான், இன்னிக்கும் நான்தான்."

குடை தாழ்ந்தது. ஊ லுன் முன்னால் வந்தார்.

"அப்ப... பொட்டலத்துல இருக்கற உங்க வீட்டுக்காரர் படத்துக்கும் இவருக்கும் இவ்வளவு ஒத்துமை எப்படிம்மா?"

டோ நுவே அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஊ தூன் யீயைத்தான் கேட்டாள். "ஏம்ப்பா, நீ சின்ன வயசுல மாந்தளைல போட்டோ புடிச்சியா?"

"புடிச்சேம்மா. ரயில்வேல சேந்த புதுசு. இவ வீட்டுக்கு அனுப்பறதுக்காக..." என்று மனைவியைக் காட்டினார் அவர், ஒன்றும் புரியாமல்.

கிழவி அவர் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் கருவாடு மாதிரி இருப்பாருப்பா, அந்த மூஞ்சிய ஒட்டினா எவன் வயித்துப் பொடி வாங்குவான்னு, போட்டோக் கடைக் கண்ணாடில தொங்கினதுலயே நல்லா சாப்பிட்டு நல்லா செரிச்ச மூஞ்சியாப் பாத்து வாங்கியாந்து, மீசைய நானே வரைஞ்சு ஒட்டினேன், அது நீதானா?"