பிளக் அண்ணாச்சியும் நாலு மணி இடியும்

ராஜபாளையத்தில் மழை வருவதை வானத்துக்கு முன்னால் கண்டுபிடித்தவர் ஒருவர்தான்: எங்கள் பிளக் அண்ணாச்சி. மலைமேல் உள்ளங்கை அகலத்துக்கு மேகம் தெரிந்தால் போதும், டேபிள் ஃபேன் முதல் முதலாளியின் டீ கெட்டில் வரை அத்தனை பிளக்கையும் பிடுங்கிவிடுவார்.

சொந்த ஊர் வத்திராயிருப்பு. சின்ன வயதில் கண்ணெதிரே ஒரு தென்னை இடி விழுந்து எரிந்ததாம். “பச்சை மரமே எரியுதுலே! இந்த பிளாஸ்டிக் டப்பா எம்புட்டு நேரம் தாங்கும்?” என்பார்.

நாங்கள் வேலை பார்த்தது பேண்டேஜ் துணி நெய்யும் சின்னக் கம்பெனி. நான் புது கிளார்க். அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டர் அண்ணாச்சியின் பொறுப்பு. அதை இயக்கும் ஆதார மென்பொருளான கெர்னலை அவர் ரெடிமேடாகக் கிடைக்கிறபடி வைத்துக்கொள்ள மாட்டார், தானே கட்டுவார். கட்டும் நேரத்தில் எந்தெந்தச் சாமான் மாட்டியிருக்கிறதோ அவற்றை இயக்கும் குட்டி மென்பொருள்களான டிரைவர்கள் மட்டும் அதில் இருக்கும். மீதி ஆயிரக்கணக்கான டிரைவர்களைக் கழித்துவிடுவார். பழைய கெர்னலையும் அன்றே அழித்துவிடுவார். “ரெண்டு இருந்தா ரெண்டுக்கும் பயப்படணும்லே.”

ஒரு வியாழக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ஆஸ்பத்திரி டெண்டர் நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நெட்ல ஏறணும். ஏறலைன்னா அதுக்குப் பொறவு நீ வர வேண்டாம்.” சொல்லிவிட்டு, இருந்த ஒரே லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். வேலை கிடைத்ததற்கு வீட்டில் வாங்கிய லட்டு இன்னும் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாம் டைப் செய்து முடித்தேன். அனுப்பப் போனால் நெட் இல்லை. நெட் பிடிக்கும் வைஃபை ஸ்டிக்கைப் பிடுங்கி மாட்டினேன். ஊஹூம். போனைக் கேபிளில் இணைத்தேன், கம்ப்யூட்டர் அதையும் தெரியாது என்றது. சரி, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஓடலாம் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

அண்ணாச்சி வந்து திரையை உற்றுப் பார்த்தார். “சாமான் மாட்டியிருக்குன்னு தெரியுது. டிரைவர்தான் இல்ல. ஏலே, நேத்து நான் கெர்னல் கட்டும்போது மேகம் இருந்துச்சா?”

“இருந்துச்சு அண்ணாச்சி. நீங்கதானே ஸ்டிக்கு, பென் டிரைவு எல்லாத்தையும் பிடுங்கி டிராயர்ல வச்சிய? கரண்டு பிளக் மேல கைய வச்சுக்கிட்டே கட்டுனிய.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “மாட்டாததெல்லாம் வேண்டாததுன்னு கழிச்சுட்டனேலே...”

பழையது அழிந்துவிட்டது. ஆனால் கெர்னலைக் கட்டுவதற்கான மூலநிரல் முழுவதும் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருந்தது. ஸ்டிக்கின் டிரைவரைச் சேர்த்து மறுபடி கட்டலாம், ஒரு மணி நேரம் ஆகும், நடுவில் கரண்டு போகக்கூடாது. மூன்றரைக்கு ஆரம்பித்தார். ஸ்டிக் மாட்டியபடி இருந்தது. அவர் கை வழக்கப்படி சுவர் பிளக்கின் மேல் இருந்தது.

சரியாக நாலு மணிக்கு மலைமேல் முதல் இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணாச்சியின் விரல்கள் பிளக்கை இறுக்கின.

“அண்ணாச்சி, வேண்டாம்!”

“நான் எங்கலே பிடுங்குறேன்? கை தானா போவுது!” முகமெல்லாம் வியர்வை. எனக்கு இடியைவிட அந்தக் கைதான் பயமாக இருந்தது. அடுத்த இடிக்கு பிளக் பாதி வெளியே வந்தது.

அவரே அதை உள்ளே அழுத்தினார். பிறகு சட்டென்று கையை எடுத்து என்னிடம் நீட்டினார். “பிடிச்சுக்கோலே. விட்டுராத.”

பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு இடிக்கும் என் விரல் நொறுங்கியது. “பச்சை மரம்... பச்சை மரம்...” என்று முணுமுணுத்தாரே தவிர, எழுந்து ஓடவில்லை. நாலே முக்காலுக்குக் கம்ப்யூட்டர் புதுக் கெர்னலோடு எழுந்தது. ஸ்டிக்கில் பச்சை விளக்கு மின்னியது. அஞ்சுக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் டெண்டர் ஏறியது.

ஏறிய அடுத்த நொடி அத்தனை பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். மேகம் கறுத்தால் அவரை போனில் கூப்பிடுவேன். இடி இடிக்கும்போது அண்ணாச்சி யார் போனையும் தொட மாட்டார். என் போனை மட்டும் எடுக்கிறார்.