நாலு தட்டில் ஆசியா

பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் மொத்தத்தைக் கூட்டி, ஆள்கணக்கால் வகுத்துப் பார்ப்பார்கள். எனக்கு அது இருபத்துமூன்றாவது வயதில் நன்றாக முற்றியிருந்தது. பந்தியில் உட்கார்ந்தால்கூட இலை எத்தனை, வடை எத்தனை என்றுதான் கண் போகும். (வடை எனக்கு வருமா என்று பார்க்கத் தெரியாது. அதற்கெல்லாம் வேறு படிப்பு வேண்டும்.)

அறுபதுகளின் தொடக்கம். மெட்ராசில் விடுதியில் தங்கி பி.ஏ.வும் ஆசிரியப் பயிற்சியான பி.டி.யும் முடித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சமூகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு விழுப்புரத்தில். அப்பா ரயிலில் கார்டு. தினமும் காலை பாசஞ்சரில் போய், மாலை பாசஞ்சரில் திரும்புவேன். வேலை தற்காலிகம்தான். "கல்வி அதிகாரி நம்ம பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வர்றார். நல்லா பண்ணினா நிரந்தரத்துக்கு எழுதுறேன்" என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். பண்ணாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மற்ற ஆசிரியைகள் களிமண்ணில் எரிமலை, தெர்மோகோல் இல்லாத அந்தக் காலத்தில் பஞ்சில் பனிமலை என்று சுலபமாக முடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் 'ஆசிய நாடுகளின் தலா வருமானமும் வளர்ச்சியும்' என்று தலைப்புக் கொடுத்தேன். வரைபடம் போட்டால் எவரும் நின்று பார்க்கமாட்டார்கள் என்பதால், மல்லாட்டையால் காட்டுவது என்று முடிவு. (நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்.) ஒரு மல்லாட்டைக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு வைத்து, நாட்டுக்கு ஒரு தட்டில் குவித்துவிட்டால் பார்த்தவுடன் புரியும் அல்லவா?

வீட்டில் ஒரே அளவில் நாலு பித்தளைத் தட்டுதான் இருந்தது. ஆகவே ஆசியாவில் நாலு நாடு. ஜப்பான், மலாயா, இலங்கை, இந்தியா. பர்மாவுக்குத் தட்டு கிடைக்கவில்லை. கொரியாவுக்குத் தட்டு கிடைத்திருந்தாலும் வைத்திருக்க மாட்டேன். சண்டையில் அழிந்த அந்த நாடு இனி எழுந்திருக்காது என்று நானே தீர்மானித்திருந்தேன். என்னுடைய பொருளாதார அறிவின் ஆழத்துக்கு இந்த ஒன்று போதும்.

கண்காட்சி அன்று அப்பாவுக்கு ஓய்வு நாள். "மூட்டையைத் தூக்க ஆள் வேணுமில்ல" என்று அவரும் கிளம்பினார். பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கு முதல் தடவை வருகிறார் என்பதால், இஸ்திரி போட்ட வெள்ளை யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தார். ரயிலில் எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

"இந்த மல்லாட்டையை வெச்சி இன்னாம்மா காட்டப் போற?"

"தலா வருமானம்ப்பா."

"அப்படீன்னா?"

"அது உங்களுக்குப் புரியாதுப்பா. நீங்க தட்டைப் பாத்துக்கினா போதும்."

"ஆங்" என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் பேச்சை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன்.

வகுப்பறையில் மேசைபோட்டு, இடது ஓரத்தில் ஜப்பான், வலது ஓரத்தில் இந்தியா, நடுவில் மற்ற இரண்டு என்று எண்ணி எண்ணிக் குவித்தேன். ஒவ்வொன்றின் முன்னாலும் பேர் எழுதிய அட்டை. ஜப்பான் கோபுரம் மாதிரி நின்றது. இந்தியா, தின்று முடித்த தட்டில் மிச்சம் வைத்ததுபோல் இருந்தது. கிராமங்களிலிருந்து மாணவிகளின் அம்மாக்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் கை மல்லாட்டைப் பக்கம் நீண்டது. யூனிஃபார்மில் ஒருத்தர் நிற்பதைப் பார்த்துப் பின்வாங்கியது. எனக்கு நிம்மதி. அப்பாவை அங்கே நிறுத்திவிட்டு, அதிகாரியை வரவேற்க வாசலுக்குப் போனேன்.

அதிகாரி ஒல்லியாக, கண்ணாடி போட்டவர். எரிமலையில் கொஞ்சம் நின்றார், பஞ்சு மலையில் கொஞ்சம் நின்றார். என் அறைக்கு வந்ததும் நான் மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் குச்சியுடன், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். பேச்சாளர் சபையைத்தான் பார்க்க வேண்டும் என்று பி.டி.யில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"இதோ, வானளாவ உயர்ந்து நிற்கிறதே, இது ஜப்பான்" என்று குச்சியைப் பின்னால் நீட்டினேன். "போரில் சாம்பலான தேசம். உழைப்பால் எழுந்த தேசம். இதோ, இந்த ஓரத்தில் சிறுத்துக் கிடக்கிறதே, இதுதான் நாம். நாம் ஏன் இப்படி இருக்கிறோம்?"

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பெருசா இருக்கிறதுல இந்தியான்னு எழுதியிருக்கேம்மா."

"அங்கேருந்து பாக்கறதால அப்படித் தெரியும் சார்" என்றேன். (ஆமாம், சொன்னேன். கண்ணாடி போட்ட கல்வி அதிகாரியிடம்.)

"சின்னதுல ஜப்பான்னு இருக்கு."

"இருக்காது சார். நானே எண்ணி வெச்சது. புத்தகத்தைப் பாத்து வெச்சது. தப்பா இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

அறையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்போதுதான் திரும்பினேன். கோபுரத்தின் காலடியில் என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், இந்தியா. மறு ஓரத்தில் ஒரு கைப்பிடி ஜப்பான்.

தலைமை ஆசிரியையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. காதெல்லாம் சுட, கண்ணில் முதலில் பட்ட எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். மேசைக்குப் பக்கத்தில் நின்றதுதான் அவள் செய்த குற்றம்.

"யாரு அட்டையை மாத்தினது? நீதானே?"

அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கினாள். அப்பா முன்னால் வந்தார்.

"அதை ஒண்ணும் சொல்லாத, ரீட்டா. நான்தான் மாத்தினேன்."

அதிகாரி பக்கம் திரும்பி நேராக நின்றுகொண்டார். ரயில் நின்றுபோனதற்கு மேலதிகாரியிடம் காரணம் சொல்கிறவர்போல இருந்தது.

"ஐயா, நான் இவ அப்பன்ங்க. கிளியனூர்லேர்ந்து வந்த ரெண்டு அம்மாங்க கேட்டாங்க. மல்லாட்டை வெளையறது நம்ம பக்கம், ஜப்பான்காரன் தட்டுல இன்னாத்துக்கு இவ்ளோ குமிச்சி வெச்சிருக்குதுன்னு. எனக்கும் நாயமாத்தான் பட்டுது. புள்ள அவசரத்துல அட்டையைத் தப்பா வெச்சிட்டா போல, ஆபீசர் வேற வந்துக்கினு இருக்காரு, அவ பேரு கெட்டுப்பூடுமேன்னு ஜல்தியா மாத்திட்டேங்க."

"மல்லாட்டை எதைக் குறிக்குதுன்னு பொண்ணு சொல்லலையா?"

"அது படிச்சவங்க சமாச்சாரங்க. தட்டைப் பாத்துக்கச் சொல்லிச்சி. பாத்துக்கினேன். ஒரு கொட்டை கொறையலை, நீங்க எண்ணிக்கலாம்."

சிரித்தவர்கள்கூட இப்போது என்னைத்தான் பார்த்தார்கள். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்கம்மா. எனக்கு வேண்டாம். அவருக்குச் சொல்லுங்க."

"ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியின் மதிப்பை..." என்று தொடங்கினேன். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், மாதா கோயிலில் லத்தீன் பூசை கேட்கிற அதே முகத்துடன். நிறுத்திவிட்டேன். பிறகு வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னேன்.

"அப்பா, நம்ம வூட்டுல ஆறு பேரு. சம்பளம் உங்களுது ஒண்ணு. அதை ஆறா பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு வரும், அதான் இது. நாட்டுல எல்லாரும் சம்பாரிக்கறதைச் சேத்து, எல்லாரு தலைக்கும் பிரிச்சிப் பாக்கறது. மல்லாட்டை சும்மா அடையாளம்."

அப்பாவின் முகம் தெளிந்தது. "இவ்ளோதானா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நம்ம வூட்டுல அப்பிடி பிரிக்கலியேம்மா. நீ மெட்ராஸ்ல இருந்தப்ப பாதி உனக்கே போச்சி. மிச்சத்துலதான மத்த அஞ்சு பேரும். ஜப்பான்லயும் அப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

குறை சொல்கிற குரலே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆறாகப் பிரித்தால் வருகிற கணக்கு எனக்குத் தெரியும். அந்த வருஷங்களில் அம்மா தட்டில் என்ன இருந்தது என்பது தெரியாது. நான் பார்த்ததே இல்லை.

"தெரியலப்பா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே சரியான பதில் அதுதான்.

அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். முதல் பரிசு எரிமலைக்கு. அழுத பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, ஜப்பானிலிருந்து இரண்டு கை அள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இந்தியாவுலேர்ந்தும் கொஞ்சம் குடுங்க டீச்சர்" என்றாள்.

திரும்பும் ரயில் மயிலம் தாண்டியதும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"என்னால உன் வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"வந்தா வரட்டும்ப்பா" என்று மூட்டையை அவிழ்த்தேன். விக்கிரவாண்டி வருவதற்குள் ஜப்பானில் ஒரு பங்கைத் தின்றிருந்தோம். அவர் உடைத்து உடைத்து என் கையில் போட்டுக்கொண்டே வந்தார். இந்தமுறை நான் பார்த்தேன். மூன்று எனக்கு, ஒன்று அவருக்கு.

அதிகாரி எழுதியது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. 'இந்த ஆசிரியை தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார். வேலையில் வைத்துக்கொள்ளலாம்.' தலைமை ஆசிரியை அதைப் படித்துக்காட்டிவிட்டு, "உங்க அப்பாவால பொழைச்சே" என்றார். அடுத்த ஜூனில் நிரந்தரமானேன். முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

தம்பிகள் சும்மா விடுவார்களா? கண்காட்சிக் கதையைக் கேட்ட அன்றைக்கே வீட்டில் ஒரு சொல் பிறந்துவிட்டது. தன் தட்டில் இருப்பதை யாருக்கும் தெரியாமல் இன்னொருத்தர் தட்டுக்கு மாற்றினால், அதற்கு 'அட்டை மாத்தறது' என்று பேர். அம்மா கடைசிவரை மாற்றினாள், அப்பாவும் மாற்றினார். மாட்டிக்கொண்டால் இருவருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகளுக்கும் அந்த வார்த்தை தெரியும். ஜப்பான் எங்கே இருக்கிறது என்று தெரியாத வயதிலேயே தெரியும்.

போன கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தண்ணீர் எடுக்க எழுந்துபோய் வந்து பார்த்தால், என் தட்டில் நான் போட்டுக்கொள்ளாத இன்னொரு கறித்துண்டு இருந்தது.

"யாரு அட்டையை மாத்தினது?" என்று கேட்டேன்.

ஒருத்தரும் தலை நிமிரவில்லை. எல்லோரும் மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.