அத்தானின் படத்துக்குக் கீழே எரியும் விளக்கு

சிவமயம்

வெள்ளவத்தை,
9.5.2008

அன்புத் தம்பி கதிர்காமநாதனுக்கு,

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, காலி வீதியில் நிலாமின் தொலைபேசிக் கடையில், உன் அத்தானை விடுவிக்க நீ லண்டனிலிருந்து செய்து விட்டிருக்கும் இணையத்தளத்தைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள்: நான், கீழ்வீட்டு றஸ்மியா, கடைக்கார நிலாம், பக்ஸில் கடிதம் அனுப்ப வந்து நின்ற ஒரு சிங்கள ஐயா. ஆக நான்கு பேர். ஐயாவின் பெயரைக் கேட்கவில்லை. நீயும் மனைவி பிள்ளைகளும் உன் கமிட்டி ஆட்கள் ஏழு பேரும் சுகமாயிருக்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறையில்லை. அத்தானும், சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதமும் பதினொரு நாளுமாக வழக்கில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர, சுகம்தான். போன மாதம் பார்க்கப் போனபோது பயித்தம்பணியாரம் கேட்டார்.

உன் தளம் திறக்கப் பதினெட்டு நிமிடம் எடுத்தது. முதலில் முழுக் கறுப்பு. றஸ்மியா கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மேலே காற்றாடியைப் பார்த்தாள். பிறகு ஒரு வயலின் அழுதது. பிறகு முள்ளுக்கம்பி வந்தது. அந்த முள்ளுக்கம்பிதான் எழுத்து, அந்த எழுத்துத்தான் அத்தானின் பெயர் என்று நிலாம் கண்டுபிடித்தார். இருபத்தாறு வருசம் கூட வாழ்ந்த எனக்கே இராசரத்தினம் என்று வாசிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. கடைசியாக அத்தான் வந்தார். நான் உனக்கு அனுப்பியது பம்பலப்பிட்டியில் வேல் விழாவுக்குப் போனபோது எடுத்த கலர்ப் படம், கிளிப்பச்சைச் சேட்டும் சிரிப்புமாக. நீ அதைக் கறுப்புவெள்ளை ஆக்கி, சிரித்த வாயை என்ன வித்தை செய்தோ மூடப்பண்ணி, சுற்றிவர வெள்ளைப் பூ வைத்து, கீழே ஒரு விளக்கையும் ஆடஆட எரியவிட்டிருக்கிறாய். தம்பி, நீ போய்ப் பத்தொன்பது வருசம்தானே ஆகிறது? எங்கள் வீடுகளில் எந்தப் படத்துக்கு இப்படிப் பூவும் விளக்கும் வைப்போம் என்பது அதற்குள் மறந்துபோயிற்றா? எங்கள் ஐயாவின் படத்துக்கு வைத்தோம். அம்மாவின் படத்துக்கு வைத்தோம். சாமி படத்துக்கும் வைப்போம், ஆனால் அத்தான் சாமி இல்லை. அதை நான் சொல்லித்தான் உனக்குத் தெரியவேண்டும் என்றில்லை.

நிலாம், மரணச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிற "இன்னா லில்லாஹி"யை வாய்க்குள் சொன்னார். "இது எப்ப நடந்த அக்கா? எங்களுக்கு ஒண்ணும் செல்லல்லயே?" என்றார். சிங்கள ஐயா தொப்பியைக் கழற்றி "அனே பவ்", ஐயோ பாவம், என்றார். றஸ்மியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழவே தொடங்கிவிட்டாள். நான் மூவருக்கும் அத்தான் உயிரோடுதான் இருக்கிறார் என்று விளங்கப்படுத்த மேலும் பதினெட்டு நிமிடம். அவரை என்றைக்கு, எங்கே பிடித்தார்கள், யாருக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்ற விபரமெல்லாம் அடியில், கறுப்பின் மேல் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடந்தது. அதற்கு மேலே தேங்காய் அளவில் ஒரு பொத்தான்: 'இவருக்காக ஒரு விளக்கு ஏற்றுங்கள்.' ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் சின்னதாக 'அமைச்சுக்குக் கடிதம் எழுதுங்கள்.' எழுதியவர்கள் மூன்று பேர். அதில் ஒன்று நீ.

அன்று பின்னேரமே உனக்குப் போன் எடுத்தேன். நீ சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அக்கா, உங்களுக்கு டிசைன் விளங்காது. சிரிக்கிற மனிசனுக்கு இஞ்ச ஒருத்தரும் இரங்கமாட்டினம். வெள்ளைக்காரருக்கு விளக்கெண்டா நம்பிக்கை. கறுப்போ மெரூனோ எண்டு கமிட்டி மூண்டு கூட்டம் வைச்சுத்தான் முடிவெடுத்தது." மூன்று கூட்டம்! அத்தானின் பிறந்த வருசம் பிழை என்று நான் இரண்டு முறை எழுதினேன், அதற்கு ஒரு கூட்டமும் இல்லை. பிறகு கேட்டாய் பார், "நீங்கள் அழுதுகொண்டு நிக்கிற படம் ஒண்டு அனுப்புங்கோ, பின்னால பிரிட்ஜ் தெரியாமல்" என்று. என் வீட்டில் தண்ணீர் குளிரவைக்க ஒரு பிரிட்ஜ் இருந்தால் என் புருசனைப் பிடித்தது சரியென்று ஆகிவிடுமா?

புதன்கிழமை தெஹிவளையிலிருந்து சீனியம்மா மாமி வந்தார். கனடாவில் மகன் உன் தளத்தைப் பார்த்துவிட்டு அழுதழுது போன் எடுத்தானாம். மாடிப்படியின் அடியிலேயே தொடங்கிவிட்டார், "என்ர ராசா, ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டியே!" என்று. மூன்று மாடிக்கும் கதவு திறந்தது. செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று இடியப்பப் பொட்டலமும் கையோடு. நானோ அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்துக்கொண்டு நிற்கிறேன். மனிசி வாசலிலேயே விறைத்துப்போனார்.

"என்னடி, அடுப்பு எரியுது?"

"பணியாரம் சுடுறன் மாமி."

"ஆருக்கு?"

"அவருக்குத்தான். ஆசைப்பட்டுக் கேட்டவர்."

"ஐயோ, எட்டாம் நாள் படையலுக்கே? கேட்டுப்போட்டே கண்ணை மூடினவர்?" என்று இருந்து ஒப்பாரி வைத்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "பொட்டை இன்னும் அழிக்கேல்லையே பிள்ளை?" தம்பி, உன் டிசைன் என் பொட்டு வரைக்கும் வந்துவிட்டது.

இதையும் பொறுத்திருப்பேன். வியாழக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கொட்டாஞ்சேனையில் தடுப்பில் உள்ளவர்களைப் போய்ப் பார்த்துப் பதிகிற அலுவலகத்தில் மெற்றில்டா என்றொரு பிள்ளை இருக்கிறாள். வருகிற 22ஆம் திகதி அவர்கள் அத்தான் இருக்கும் முகாமுக்குப் போகிறார்கள். அவர்கள் அத்தானின் பெயரைப் பதிந்து ஒரு கடதாசி தந்தால்தான் சட்டத்தரணி வழக்குப் போடுவார். எட்டு மாதமாக நான் அலைவது அந்த ஒரு கடதாசிக்கு. மெற்றில்டா என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தாள். "வெரி சொறி அன்ரி. மேல உள்ளவங்க வெப்சைட்டைப் பார்த்திட்டு அங்கிளின்ட பேரைப் பார்க்கப் போற லிஸ்ட்டிலயிருந்து எடுத்து மற்ற லிஸ்ட்டில போட்டிட்டாங்க." மற்ற லிஸ்ட் எதுவென்று நான் கேட்கவில்லை. படம் மாறினால் திரும்பக் கேட்டுப் பார்ப்பாளாம்.

ஆகவே தம்பி, கமிட்டியைக் கூட்டாமல் உடனே இவற்றைச் செய். விளக்கை அணை. பூவை எடு. வயலினை நிறுத்து. கிளிப்பச்சைச் சேட்டைத் திருப்பிப் போடு, பல்லுத் தெரியட்டும். பிடித்த திகதியையும் இடத்தையும் மேலே பெரிதாக, மனிதர் வாசிக்கிற எழுத்தில் போடு. கண்ணீர் வேண்டுமென்றால் உன்னுடையதைப் படம் எடுத்துப் போடு.

உனக்கும் பிள்ளைகளுக்கும் நோய்நொடி அணுகாமல் முருகன் காக்கட்டும். உன் கமிட்டிக்கும் அவன் புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
நாகேஸ்வரி இராசரத்தினம்

பி.கு.: இதைப் பக்ஸில் அனுப்ப நிலாமின் கடையில் நிற்கும்போது மெற்றில்டா போன் எடுத்தாள். இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா உன் தளத்தில் விளக்கேற்றி அழுதுவிட்டு, விதவைக்கு மலர்வளையம் அனுப்ப விலாசம் கேட்டு மெற்றில்டாவின் அலுவலகத் தலைமையகத்துக்கு எழுதினாவாம். அங்கிருந்து கொழும்புக்கு, 'இந்த ஆள் எப்படிச் செத்தார், ஏன் அறிவிக்கவில்லை?' என்று கேள்வி. கொழும்பு முகாமைக் கேட்க, முகாம் பயந்துபோய், இராசரத்தினம் எங்களிடம் உயிரோடு இருக்கிறார், மூன்று வேளையும் சாப்பிடுகிறார் என்று சீல் குத்திக் கடதாசி கொடுத்துவிட்டதாம். 22ஆம் திகதிக்கு அவர் பெயர்தான் முதலாவது. உயிரோடு இருக்கிறார் என்று எட்டு மாதம் நான் கத்தியும் வராத கடதாசி, செத்துவிட்டார் என்றதும் மூன்று நாளில் வந்திருக்கிறது. ஆகவே மேலே எழுதிய ஒன்றையும் செய்யாதே. அவர் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் படத்தில் கை வைக்காதே. முடிந்தால் இன்னும் கொஞ்சம் பூப் போடு. விளங்கியதா என்று இன்றைக்கே நிலாமின் இலக்கத்துக்குப் பதில் அனுப்பு.