லிஃப்டை மட்டும் சரிசெய்துவிடாதே

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலமாக இருப்பதால்தான் வீட்டில் இவ்வளவு சத்தம். எங்கள் கட்டிடத்து லிஃப்டுக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. அதைப் பார்க்க நாளைக்கு உன் கம்பெனியிலிருந்து உன்னைத்தான் அனுப்பப் போகிறார்களாம். தயவுசெய்து அதைக் குணமாக்கிவிடாதே. பக்கத்துத் தெருவில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம், ஃபோனில் சொல்லலாமே என்பாய். நான் ஃபோனை எடுத்தால் இந்த வீட்டில் எத்தனை காது முளைக்கும் என்று உனக்குத் தெரியாதா.

விஷயம் இதுதான். நான் மறுபடியும் படம் வரைய ஆரம்பித்துவிட்டேன். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஃப்ரிட்ஜ் கம்பெனிக்கு வரும் புகார்களை நாள் முழுக்க வீட்டிலிருந்தே ஹெட்ஃபோனில் கேட்பது என் பிழைப்பு. அதைக் கழற்றினால் வீட்டுப் புகார்கள். பென்சிலை எடுத்து ஒரு கோடு போடுவதற்குள் உன் மாமா "என் சாவி எங்கே?" என்பார், சாவி அவர் கையிலேயே இருக்கும். பால்கனிக்குப் போனால் மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுவார், மருமகள் தனியாக இருக்கக் கூடாதாம், அவ்வளவு நல்ல மனசு. குளியலறைக்குள் போய் உட்கார்ந்தேன், மூத்தவள் கதவைத் தட்டினாள், அக்கா எதற்குத் தட்டுகிறாள் என்று கேட்கச் சின்னவளும் தட்டினாள்.

இப்படியிருக்கும்போது போன வாரம் காய்கறிப் பையோட ஏறினேன், மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சு. ஃபோன்ல சிக்னல் இல்லை. முதல்ல பயம்தான். அப்புறம்தான் உறைச்சுது, இப்போ என்னை யாராலயும் கூப்பிட முடியாது. தம்பி, அந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன். பையைக் கீழே வைத்தேன், பென்சிலை எடுத்தேன், வரைய அங்கே வேறென்ன இருக்கு, என் இடது கையையே காய்கறிக் கடை பில்லின் பின்பக்கம் வரைஞ்சேன். "அம்மா, பயப்படாதீங்க, மெக்கானிக்குச் சொல்லியாச்சு" என்று வெளியிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "பாவம், அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், மெதுவா வரட்டும்" என்றேன். எனக்கு மூளை கலங்கிவிட்டதாகக் கட்டிடம் முழுக்கச் சொல்லிவிட்டார் அந்த மனுஷன்.

கை அச்சு அசலா வந்திருக்கு, கட்டைவிரல்தான் பாக்கி. அதுக்குள்ள கதவைத் திறந்து தொலைச்சுட்டாங்க. அன்னையிலேருந்து வேலைவெட்டி இல்லாதவ மாதிரி மேலேயும் கீழேயும் போயிட்டு வர்றேன், வேண்டாதப்போ நிக்கிற சனியன் வேணுங்கிறப்போ நிக்க மாட்டேங்குது. நேத்து நின்னுச்சு, ஆனா கூடவே மேல் வீட்டு வக்கீல். இதுக்கெல்லாம் கேஸ் போடுறது எப்படின்னு இறங்குற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். அதனால நீ செய்ய வேண்டியது சின்ன உதவி. புதன்கிழமை மத்தியானம் நான் தனியா ஏறும்போது மட்டும் நிக்கிற மாதிரி ஏதாவது ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி விடு. கயிற்றில் கை வைத்துவிடாதே. சின்ன வயதில் உன்னை இடுப்பில் சுமந்த என் கை, படத்தில் இன்னும் கட்டைவிரல் இல்லாமல் நிற்கிறது, பார்த்துக்கொள்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். வாலுப்பயலுக்கு என் முத்தம். எல்லோரும் தீர்க்காயுசோடு, முடிந்தவரை சத்தம் போடாமல் வாழ என் ஆசீர்வாதம்.

உன் அன்பு அக்கா

பின்குறிப்பு: இதை உன்னிடம் கொடுக்கத்தான் கிளம்பினேன். "அப்படி என்னதான் இருக்கு அந்த லிஃப்டுல, நாங்களும் பார்க்கிறோம்" என்று உன் மாமா எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டார். நின்றுவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். பொறுக்க மாட்டாமல், "உங்களை வரையப் போறேன், யாராவது வாயைத் திறந்தா படத்துல மூஞ்சி கோணிக்கும்" என்றேன். தம்பி, மூச்சுச் சத்தம்கூட இல்லை. உன் மாமா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறார். இந்த வித்தை தெரியாமல் இத்தனை வருஷம் குளியலறையில் ஒளிந்திருக்கிறேன். இனிமேல் கூடத்திலேயே உட்கார்ந்து வரைந்துகொள்வேன், ஆகையால் மேலே எழுதியதை மறந்துவிட்டு லிஃப்டை ஒழுங்காகச் சரிசெய்துவிடு. வரைகிற சாக்கில் லிஃப்டுக்குள்ளேயே இதை எழுதி, கதவிடுக்கு வழியாக வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓடி வராதே, நடந்தே வா. மாமனாருக்கு இன்னும் மீசை வைக்கவில்லை.