மாதாவுக்குக் கொண்டுபோன புடவை

சலவைக்கடை இயந்திரத்தில் என் லுங்கி சுழன்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை உதித்தது. (என் பாழாய்ப்போன யோசனைகள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருபவை.) சுவரில் ஒரு நோட்டீஸ்: நகரின் பழைய இத்தாலியர் பேட்டையில், ஞாயிறன்று மாதா பவனி.

நான் படிக்க அமெரிக்கா போனால் வேளாங்கண்ணி மாதாவுக்குப் புடவை சாத்துவதாக அம்மாவுக்கு நேர்த்தி. நடவுக்கூலியில் வாங்கிய நீலப் பூனம் புடவை. புறப்படும் அவசரத்தில் வேளாங்கண்ணி போகவில்லை. புடவை என் பெட்டியிலேயே அமெரிக்கா வந்துவிட்டது. இப்போது அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். பழைய அறுவடைக் கூலிச் சண்டையில் அடிபட்ட கால், புண் ஆறவில்லை. எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

"புடவை சாத்தாத குத்தம்டா," என்று போனில் அழுதாள் அம்மா.

"இங்கயும் அதே மாதாதாம்மா. ஞாயித்துக்கிழமை சாத்திடறேன்."

செங்கல் வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் கொடி, பேண்டு வாத்தியம். சிலையில் டாலர் நோட்டுகளைக் குத்தியிருந்தார்கள். நம்மூர்த் திருவிழாவேதான்; சப்பரம் தூக்குகிறவர்கள் கோட்டு போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் கோயிலில் நிற்பவரிடம் புடவையை நீட்டினால் போதும், விளக்கம் வேண்டாம். அந்தத் தைரியத்தில் சிலையருகே நின்ற பெரியவரிடம், "மாதா திருவிழாவுக்கு" என்று நீட்டினேன். என் இரு கன்னத்திலும் முத்தமிட்டு வாங்கிக்கொண்டார். (அப்பாகூட என்னை முத்தமிட்டதில்லை.)

பவனியோடு தெருவெல்லாம் சுற்றித் திரும்பினேன். புடவை பந்தி மேசைமேல் விரிந்திருந்தது. முந்தானையில் தக்காளிக் குழம்பு.

"என்ன அழகான விரிப்பு! உட்கார், சாப்பிடு," என்றார் பெரியவர்.

சாப்பிட்டேன். அழுதேன். காரம் போலிருக்கிறது என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

அந்த வாரமே அப்பாவின் காலை எடுத்துவிட்டார்கள். புடவை விரிப்பான கதையைச் சொன்னதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. வீடு திரும்பிய பிறகு அப்பாவே போனில் வந்தார். செங்கொடிக்காரர், பவனிப் பக்கமே போகாதவர்.

"யாருடா அந்த ஆளுங்க?"

"பொழைக்க வந்தவங்கப்பா. அவங்க தாத்தாவெல்லாம் கல்லு சுமந்த கூலிக்காரங்களாம்."

"அப்ப நம்ம ஆளுங்கதான். வயிறார சாப்பிட்டாங்கல்ல? விடு. காலை எடுத்தது மாதா இல்லடா, மிராசுதாரு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அவன் வாசல்ல கொடிதான் மாறுது. உங்கம்மா கேக்க மாட்டேங்குறா."

இன்றும் ஊரில் சாப்பாட்டுக்குப் பேப்பரை விரித்தால், "மாதா புடவைதானே?" என்கிறாராம் அப்பா. அம்மா மட்டும் சிரிப்பதில்லையாம். இன்னொரு புடவை அனுப்பியிருக்கிறாள்.

இம்முறை யாரிடமும் நீட்டப்போவதில்லை. அனுமதி கேட்டு மாதாவுக்கு நானே கட்டிவிடப் போகிறேன். அடுத்த பவனிக்குள் கொசுவம் படிய வேண்டும். அறைத்தோழன் நிற்க மறுத்துவிட்டதால், தினமும் மேசை விளக்குக்குக் கட்டிப் பார்க்கிறேன். முந்தானைதான் இன்னும் தோளில் நிற்கவில்லை.