ஒன்பதாம் நம்பர் காட்டுக்காரி

மாதா கோயில் மணிமேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்காக முருகன் வேல்மேலும் ஒரு சத்தியம். நான் சொல்லப் போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எங்கள் செமோர் ஊர்ச் சுண்ணாம்பு மலை பெயர்ந்து வந்து என் தலையில் உட்காரட்டும். மலை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்பத்து நாலாம் வருஷம். ஆம்புரோஸ் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். முப்பத்திரண்டு வருஷம் ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுத உட்கார்ந்து, ரூல்தடி வைத்துக் கோடு போட்ட மனிதர். பிரிவு உபசாரத்தில் கைக்கடிகாரம் கிடைக்கும் என்று நம்பி, இடது மணிக்கட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு போனார். துரை ஒரு பெட்டியை நீட்டினார். கடிகாரத்துக்குப் பெரிது, ரேடியோவுக்குச் சிறிது. பிரித்தால் பன்னிரண்டு அக்ரிலிக் வர்ணக் குழாய்கள், மூன்று பிரஷ்.

வேறு ஆளாயிருந்தால் அழுதிருப்பான். ஆம்புரோஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கெர்ட்டி! இன்னியிலிருந்து நான் ஓவியன்."

அவர் மனைவி கெர்ட்ரூட் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். "ஏங்க, போன வருஷம் வீட்டுக்குச் சாயம் அடிக்கவே ஆளு கூப்பிட்டீங்க."

"அது சுவரு. இது கலை."

"சரி. கலைக்குக் கீழ பழைய பேப்பர் விரிச்சுக்குங்க."

முதலில் மாதாவை வரைந்தார். பக்கத்து வீட்டுச் சாத்தப்பன் வேலி தாண்டி வந்து பார்த்தார். ஆணி, பலகை, கம்பி விற்கும் கடைக்காரர். ஆம்புரோஸ் வரையும் பலகையெல்லாம் அவர் கடைச் சரக்கு.

"அண்ணே! நம்ம பசார் மீன்காரம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க, லா!"

"அது மாதாய்யா."

"அப்படியா? அப்ப மீன்காரம்மாகிட்டச் சொல்லாதீங்க, வெல ஏத்திடும்."

அடுத்து யோசேப்பு. அவரும் பசாரிலிருந்து வந்தவர் போலவே இருந்தார். சாத்தப்பன் மோவாயைச் சொறிந்தார். "அண்ணே, உங்களுக்குன்னு ஒரு தனிப்பாணி வேணும். ஆயிரம் படத்துக்கு நடுவுல வச்சாலும், இது கிராணி கைன்னு தெரியணும்."

ஆம்புரோஸ் மூன்று நாள் சாப்பாட்டைக் குறைத்து யோசித்தார். நாலாம் நாள் ரூல்தடியை எடுத்தார். பலகை நிறைய ரப்பர் மரங்கள். நேர் நேராக, நிரை நிரையாக, கோடு பிசகாமல், கண்ணுக்கெட்டிய தூரம் ஓடி இருட்டில் போய் முடியும் காடு. மனிதர்கள் ரூல்தடிக்கு அடங்கவில்லை, மரங்கள் அடங்கின. ஆளே இல்லாத காடு. பார்த்தால் முதுகில் குளிர் ஏறியது. ஒவ்வொரு மரத்திலும் பால் வடிய ஒரு வெட்டுக்கோடு. கீழ் மூலையில் 'ஆம்புரோஸ்'.

பாணி பிறந்துவிட்டது. மூன்று வாரத்தில் மாதா கோயில் திருவிழா. கோயில் மண்டபத்தில் ஓவியக் காட்சி. படம் தருவதாகச் சாமியாரிடம் சொல்லியாயிற்று. செமோரில் காதுள்ள அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று. இனிப் படம் போகாவிட்டால் ஆம்புரோஸ் தெருவில் தலை காட்ட முடியாது.

கெர்ட்ரூட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஏங்க, அந்த பிரஷ்ஷக் குடுங்களேன். நானும் ஒரு இழுப்பு இழுத்துப் பாக்குறேன்."

"இது தனிப்பாணி கெர்ட்டி. உனக்கு எதுக்கு? நீ அடுப்பைப் பாரு."

கெர்ட்ரூட் பிரஷ்ஷை ஒரு தரம் பார்த்தார். திரும்பினார். அடுப்பைப் பார்க்கப் போனார்.

மறுநாள் பத்து மணிக்கு ஆம்புரோஸ் கோப்பிக் கடைக்குப் போய், பன்னிரண்டுக்குத் திரும்பினார். வெயில் தெருவைக் கொன்று போட்டிருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. கூடத்தில் படத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார். வலது மேலிருந்து இடது கீழாக அவர் போட்டிருந்த வெட்டுக்கோடுகள் அத்தனையும், இடது மேலிருந்து வலது கீழாகத் திரும்பியிருந்தன.

தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். திரும்பித்தான் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலையோரத்துப் பழைய பால் மரத்திடம் ஓடினார். வெட்டு இடது மேலிருந்து வலது கீழே இறங்கியது. முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்தில் இருந்தவர், அட்டைக்குப் பயந்து காட்டுக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்.

அப்படியென்றால் படத்தைத் திருத்தியது பால் மரம் வெட்டத் தெரிந்த கை.

இரண்டாம் நாள் மரத்துக்கு மரம், பால் பிடிக்கும் மங்கு தொங்கியது. மூன்றாம் நாள் மங்குகளில் பால் பாதி நிறைந்திருந்தது. நாலாம் நாள் தளும்பியது. ஐந்தாம் நாள், நிரையின் கடைக்கோடியில், இருட்டு தொடங்கும் இடத்தில் ஒரு பெண். முதுகு மட்டும். தலையில் சிவப்புத் துண்டு.

கூடத்தில் புளித்த ரப்பர்ப் பால் வாசம் அடித்தது.

ஆறாம் நாள் அவள் இரண்டு மரம் முன்னால் வந்திருந்தாள்.

ஆம்புரோஸ் புட்டி நிறையத் தீர்த்தம் வாங்கி வந்து தெளித்தார். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் எந்தத் தண்ணீருக்கும் அசையாது. வாட்டர் கலராக இருந்திருந்தால் சாத்தான் அன்றைக்கே கரைந்து ஓடியிருப்பான். இவள் முதுகில் தீர்த்தம் முத்து முத்தாக வழிந்தது. வியர்த்ததுபோல் இருந்தது. ஆம்புரோஸுக்கும் வியர்த்தது.

"கெர்ட்டி... படத்துல யாரோ நடக்குறாங்க."

கெர்ட்ரூட் எட்டிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "சிவப்புத் துண்டா? ஐயையோ. நம்ம தோட்டத்து ஒம்பதாம் நம்பர் காட்டுல இடி விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? சிவப்புத் துண்டு கட்டிப் பால் வெட்டுவாளே மருதாயி, அவ நின்ன மரத்துல?"

"மருதாயியா? செத்தா போனா?"

"இடி விழுந்தா என்ன, ஆளு வளரவா செய்யும்?"

"இப்ப என்ன செய்யுறது? திருவிழாவுக்குப் படம் போகணுமே. கிழிச்சும் போட முடியாது, பலகை."

"பத்துலேருந்து பன்னண்டு பால் எடுக்குற நேரம். அந்நேரம் படத்துக்கிட்ட ஆம்பள மூச்சே படக்கூடாது. நான் கதவைச் சாத்திக்கிட்டு செபமாலை சொல்லுறேன். நீங்க..." கெர்ட்ரூட் கண்ணை மூடி யோசித்தார். "மருதாயிக்குக் கிராணிமாருன்னாலே ஆகாது. ஒரு கிராணி குனிஞ்சு அடுப்பு வேலை செஞ்சாத்தான் அவ மனசு ஆறும்."

"நானா? சமையலா?"

"வேணாம்னா விடுங்க. நாளைக்கு இன்னும் ரெண்டு மரம் வருவா. பலகைக்கு இந்தப் பக்கம் மரம் இல்ல, உங்க நாற்காலிதான் இருக்கு."

ஆம்புரோஸ் அடுப்படிக்கு ஓடினார்.

அன்று முதல் தினமும் இதே ஏற்பாடு. சாத்திய கதவுக்குள் "அருள் நிறைந்த மரியே" முணுமுணுக்கும். கதவுக்கு வெளியே ஆம்புரோஸ் மீனோடு போராடுவார்.

"கெர்ட்டி, புளி எவ்வளவு?"

"...பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே... எலுமிச்சங்கா அளவு... உம்முடைய திருவயிற்றின் கனியாகிய... வெந்தயத்தைக் கருக்கிடாதீங்க!"

வெந்தயத்தைக் கருக்கினார். மறுநாளும் கருக்கினார். மூன்றாம் நாள் கருகவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்கும். பெண் இன்னும் ஒரு மரம் நெருங்கியிருப்பாள். ஒரு நாள் கையில் வாளி வந்தது. ஒரு நாள் பக்கவாட்டில் திரும்பினாள். திருவிழாவுக்கு முதல் நாள், மூன்று மரத்துக்கு அப்பால் நின்று, துண்டுக்குக் கீழிருந்து நேராகப் பார்த்தாள். இடப்பக்கம் போனாலும் அவரைத்தான் பார்த்தாள். வலப்பக்கம் போனாலும் அவரைத்தான். அது மட்டுமா? தூரத்தில், கடைசி மரத்துக்குப் பின்னால், ஒரு தொப்பியும் ஒரு காக்கிக் கால்சட்டை முழங்காலும் தெரிந்தன. ஆம்புரோஸ் படத்தின்மேல் போர்வையைப் போட்டார்.

திருவிழா அன்று மண்டபத்தில் போர்வையை எடுத்தார்கள். பால் வெட்டிக் கை காய்ந்த கிழவிகள் கிட்டே வந்து பார்த்துவிட்டு, வாய்பொத்தி நின்றார்கள். குழந்தைகள் படத்தின் முன்னால் ஓடவில்லை. முதல் பரிசு என்றார் சாமியார். ஈப்போவிலிருந்து வந்த வக்கீல் ஒருவர், "இதே பாணியில் எனக்கு நாலு படம் வேணும், ஈஸ்டருக்குள்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சாத்தப்பன் கத்தினார்: "அண்ணே, இது எப்படி வந்துச்சு?"

உண்மையைச் சொல்ல ஒரு கணம் இருந்தது. மைக்கும் முன்னால் இருந்தது. மைக் ஜெயித்தது.

"இது," என்றார் ஆம்புரோஸ், "என்னுடைய தனிப்பாணி."

படத்தைச் சுமந்துகொண்டு வீடு வந்ததும் நாற்காலியில் சரிந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நாலு படம் கெர்ட்டி! மருதாயியை நாலு தரம் எப்படிக் கூப்பிடுவேன்?"

கெர்ட்ரூட் வலது கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். நகக்கண்ணில் சிவப்பு வர்ணம்.

"மருதாயி ஆயர் தாவார் ஊருல பேரப்புள்ளைங்களோட நல்லா இருக்கா. இடி விழுந்து ஓட்டையானது அவ வாளிதான். கல்யாணத்துக்கு முன்னாடி ஒம்பதாம் நம்பர் காட்டுல நாலு வருஷம் மரம் வெட்டினது யாரு? வெட்டைத் தப்பாப் போட்டுட்டு, அடுப்பைப் பாருன்னா எனக்கு எப்படி இருக்கும்? சாயம் அரை மணியில காஞ்சுடுது. எனக்கு வசதியாப் போச்சு."

"அந்தப் பால் வாசம்?"

"பெட்டியில கெடந்த என் பழைய துண்டு. அதைப் பாத்துத்தான் வரைஞ்சேன்."

ஆம்புரோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபம் வர வேண்டும், சிரிப்புத்தான் வந்தது. "பொல்லாதவடி நீ. சரி, நாலு படமும் நீயே போடு. ஊருக்கு நான்தான் ஓவியன். ஆனா அந்த ஆளை எதுக்குப் போட்டே?"

"எந்த ஆளு?"

"கடைசி மரத்துக்குப் பின்னால. தொப்பி. காக்கிக் கால்சட்டை."

கெர்ட்ரூட் படத்தின் அருகே போனார். குனிந்தார். சிரிப்பு நின்றது. விரலால் அந்தத் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏங்க... அதை நான் போடலியே. நீங்கதான் போட்டீங்கன்னு நெனச்சேன்."

ஆம்புரோஸ் அந்த நிமிஷம் அடுப்படிக்குப் போனவர்தான். அதற்குப் பிறகு கூடத்தில் தனியாக உட்கார்ந்ததில்லை. கெர்ட்ரூட் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக வரைகிறார். தொப்பிக்காரர் வருஷத்துக்கு ஒரு மரம் நெருங்கி வருகிறார். அது அந்த அம்மாள் கைவேலையா, இல்லையா? கேட்டால் சிலுவை போட்டுக்கொள்கிறார். உதட்டோரம் துடிக்கிறதா என்று பார்க்கலாமென்றால், அதற்கும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

இன்றைக்கும் செமோரில் கேட்டுப் பாருங்கள். "படம்னா ஆம்புரோஸ் அண்ணன், மீன் கறின்னா கெர்ட்ரூட் அக்கா" என்பார்கள். யாரும் திருத்த மாட்டார்கள். நீங்களும் திருத்தாதீர்கள். முக்கியமாக, இதைச் சொன்னது யாரென்று ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள்.

சரி, நான் அடுப்படிக்கு ஓடுகிறேன், கெர்ட்டி கத்துகிறாள், வெந்தயம் கருகுகிறது.