ஆறு மணிக்கு மேல் மெக்கானிக் இல்லை

"அப்பா, அம்மா லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க!"

மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடிவந்த மகளைப் பார்க்காமல், லிஃப்ட் மெக்கானிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பத்து.

"கம்பெனிக்குப் போன் பண்ணும்மா."

"நீங்கதானேப்பா கம்பெனி?"

"ஆறு மணி வரைக்கும்."

போன வாரம் எடுத்த முடிவு அது. பதினெட்டு வருஷமாக ஊரார் லிஃப்டுக்கெல்லாம் ஓடிவிட்டு, அவர் வீடு திரும்ப ஒன்பதாகிவிடும். யாரிடமோ "என் பொண்ணு எட்டாவது" என்று பெருமையாகச் சொல்லப்போக, பக்கத்தில் நின்ற மகள், "பத்தாவதுப்பா" என்றாள். மனசு சுருக்கென்றது. அன்றிலிருந்து ஆறு மணிக்குக் கம்பெனி போன் அணைந்து அலமாரிக்குள் போய்விடும். டூல்ஸ் பை ஆபீசைத் தாண்டாது. அதற்குமேல் அவர் முழுநேரக் குடும்பஸ்தர். மனைவி துணி மடித்தால் பக்கத்தில் நின்று எப்படி மடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கியிருந்தார். சர்க்கரை எங்கே என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

மகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க கட்டடத்துலயே எங்க மெக்கானிக் ஒருத்தர் இருக்காரும்மா," என்றது கம்பெனிக் குரல். "ஆனா ஆறு மணிக்கு மேல போனை எடுக்கமாட்டாரு. என்ன ஜென்மமோ!"

மெக்கானிக் எழுந்து சட்டையை மாட்டினார். "வா. மெக்கானிக்கா இல்ல, புருஷனாப் போறேன்."

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் தொங்கியது. கதவு இடுக்கில் வாயை வைத்துக் கத்தினார்.

"பயப்படாதே! நான் வந்துட்டேன்!"

"நான் ஒண்ணும் பயப்படல. நீங்க வீட்டுக்குப் போங்க," என்றது மனைவியின் குரல்.

"பார்த்தியா, உங்கம்மாவுக்கு இந்த நேரத்துலயும் என் மேலதான் கவலை!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கையில் டூல்ஸ் இல்லை. சமையலறையிலிருந்து கரண்டியைக் கொண்டுவந்து கதவை நெம்பினார். அது வளைந்தது. அதைவிடப் பெரிய கரண்டி இரண்டாக உடைந்து, ஒரு பாதி லிஃப்டின் கூரைமேல் டணங்கென்று விழுந்தது.

"என்னங்க விழுந்தது?"

"கரண்டி."

"எந்தக் கரண்டி?"

அவர் கீழே ஓடினார். கட்டடத்தின் மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் லிஃப்ட் தானாக நகரும் என்பது கணக்கு. தரைத்தளத்தில் நீளக் கைப்பிடியைக் கீழே இழுத்தார். கட்டடமே இருண்டது. மேலே தள்ளினார். டப்பென்று ஏதோ வெடித்தது. கரண்ட் திரும்பி வரவில்லை; தண்ணீர் மோட்டாரும் ஓடவில்லை. இரண்டாவது மாடி வாத்தியார் தலை நிறையச் சோப்பு நுரையோடு படியில் வந்து நின்று, "எந்தப் புண்ணியவான் வேலை இது?" என்றார்.

லிஃப்டுக்குள்ளிருந்து முதல்முறையாகக் கோபக் குரல் கேட்டது. "ஃபேனை அணைச்சது யாரு?"

தெருமுனைக் கடையிலிருந்து வாட்ச்மேன் விழுந்தடித்து ஓடிவந்தார்.

"ஐயோ சார், மெயினை எதுக்குத் தொட்டீங்க? லிஃப்டுல ஒரு கோளாறும் இல்ல!"

"கோளாறு இல்லாமயா என் பொண்டாட்டி அரை மணி நேரமா உள்ள மாட்டிக்கிட்டிருக்கா?"

"அம்மாவேதான் சார் நிறுத்தி வெச்சிருப்பாங்க. உட்கார நாற்காலி கூட நான்தான் போட்டுக் குடுப்பேன். ஆபீஸ் விட்டு வந்ததும் அரை மணி நேரம், தினமும்." வாட்ச்மேன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வாரத்துலேருந்துதான் சார். அதுக்கு முன்னாடியெல்லாம் வீட்டுக்குப் போயே உட்காருவாங்க."